மூணு மாச இன்டர்ன்ஷிப்புக்கு மியூனிக் போறீங்களா? முதல்ல இதையெல்லாம் முடிச்சிடுங்க

ஒவ்வொரு வருஷமும் மே மாசம் வந்தா நம்ம காலேஜ் பசங்க நிறைய பேர் ஜெர்மனிக்கு சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு கிளம்பறாங்க, சில பேர் டிஏஏடி-யோட, அதான் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்போட, வைஸ் ஸ்காலர்ஷிப்ல, சில பேர் ப்ரொஃபசருக்கு நேரா மெயில் போட்டு இடம் பிடிச்சு. கிளம்பற வரைக்கும் வீட்ல எல்லாருக்கும் விசா கவலை மட்டும்தான், விசா வந்ததும் பொடி டப்பா, ஊறுகாய்னு பெட்டி நிரம்பிடும். ஆனா அங்க போய் இறங்கினதும் சிக்கல் வர்ற இடமே வேற. அந்த ஊர்ல எதுவா இருந்தாலும் முன்கூட்டியே கேட்டு, தேதி வாங்கி, எழுத்துல வாங்கிக்கணும். அப்படி கேட்டீங்கன்னா முகம் சுளிக்காம செஞ்சு தருவாங்க, கடைசி நேரத்துல போய் நின்னா நல்ல மனுஷனா இருந்தாலும் கைய விரிச்சிடுவார். மூணு மாசம்தான் இருக்கப் போறீங்க, அதுல மூணு வாரம் ரூமுக்கும் சாவிக்கும் அலைஞ்சே போயிடக் கூடாதுங்கறதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ரூம்: டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே

ஜெர்மனிலயே வாடகை ரொம்ப அதிகமான ஊர் மியூனிக். நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீடு, அதைத்தான் அங்க வேகேன்னு (டபிள்யூஜி) சொல்வாங்க, அதுல ஒரு ரூமுக்கே 700லேர்ந்து 800 யூரோ வரைக்கும் கேட்பாங்க. ஸ்டூடன்ட் ஹாஸ்டல்கள நடத்தறது ஸ்டூடியரண்டன்வெர்க், அங்க வெயிட்டிங் லிஸ்ட் செமஸ்டர் கணக்குல ஓடும், மூணு மாசத்துக்கு வர்றவங்களுக்கு நேரா கிடைக்கறது கஷ்டம். அதனால ஆஃபர் லெட்டர் வந்த அன்னைக்கே உங்க ப்ரொஃபசரோட செக்ரட்டரிக்கும் யூனிவர்சிட்டியோட இன்டர்நேஷனல் ஆஃபீஸுக்கும் ஒரு மெயில் போட்டு, கெஸ்ட் ரூம் எதாவது ஒதுக்கி வச்சிருக்கீங்களான்னு கேளுங்க. ப்ரொஃபசர விட செக்ரட்டரிக்குத்தான் இதெல்லாம் தெரியும், அவங்கள நல்லா பழக்கம் பண்ணி வச்சுக்கோங்க.

அது இல்லன்னா ஸ்விஷன்மீட்டன்னு ஒண்ணு இருக்கு, அதாவது ஒரு ஸ்டூடன்ட் ரெண்டு மூணு மாசம் வெளியூர் போறப்ப தன்னோட ரூமை அப்படியே சாமானோட இன்னொருத்தருக்கு விட்டுட்டுப் போறது. இன்டர்னுக்கு இதைவிட நல்ல வழி இல்ல, கட்டில், மேஜை, பாத்திரம் எல்லாம் இருக்கும். டபிள்யூஜி-கெசூக்ட் சைட்ல இதுக்குன்னு தனியா ஃபில்டர் இருக்கு. அங்க செமஸ்டர் வகுப்பு ஜூலை கடைசி வரைக்கும் நடக்கும், அதனால ஆகஸ்ட், செப்டம்பர்ல ரூம் நிறைய வரும், மே ஜூன்ல கம்மி, மே மாசம் போறவங்க பிப்ரவரி மார்ச்லயே தேட ஆரம்பிக்கணும்.

மெசேஜ் போடறப்ப 'இஸ் திஸ் ரூம் அவெய்லபிள்'னு ஒரு வரி போட்டா யாரும் பதில் போட மாட்டாங்க. வீட்ல கூட இருக்கப் போற ஆளைத்தான் தேடறாங்க, அதனால நீங்க யாரு, என்ன படிக்கறீங்க, எந்த லேப்ல எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், சமைப்பீங்களா, சிகரெட் உண்டா இல்லையா, இதையெல்லாம் ஒரு பத்து வரில எழுதுங்க. விளம்பரத்தை முழுசா படிங்க, சில பேர் நடுவுல ஒரு கேள்வியையோ ஒரு வார்த்தையையோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, அதுக்கு பதில் இல்லாத மெசேஜை திறக்கவே மாட்டாங்க.

ஏமாத்துக்காரங்க விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. ஊர் நடுவுல மரியன்பிளாட்ஸ் பக்கத்துல தனி ஃப்ளாட், 400 யூரோ, ஓனர் இப்ப லண்டன்ல இருக்கார், அட்வான்ஸ் போட்டா சாவியை கூரியர்ல அனுப்புவார்னு வந்தா அப்பவே மூடிடுங்க, அது நூத்துக்கு நூறு பொய். வீடியோ கால்ல ரூமைக் காட்டச் சொல்லுங்க, ஜன்னல் வழியா தெருவையும் காட்டச் சொல்லுங்க, கையெழுத்து போட்ட ஒப்பந்தம் கைக்கு வராம ஒரு ரூபா அனுப்பாதீங்க. ஒப்பந்தத்துல மூணு விஷயம் பார்க்கணும்: வாடகை வார்மா கோல்டா, வார்ம்னா ஹீட்டிங், தண்ணி செலவு சேர்த்து, கோல்டுன்னா அதெல்லாம் தனி. அட்வான்ஸ், அதுக்கு காஷன்னு பேரு, சட்டப்படி மூணு மாச கோல்டு வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. அப்புறம் வீட்டு ஓனருக்கு நீங்க வர்றது தெரியுமா, சம்மதம் எழுத்துல இருக்கான்னு.

எந்த ஏரியான்னு கேட்டா, கார்ஷிங் கேம்பஸ்ல வேலைன்னா யூ6 மெட்ரோ லைன் எங்க எங்க போகுதோ அங்க தேடுங்க, தென்மேற்குல க்ரோஸ்ஹாடர்ன்லேர்ந்து ஊரைக் குறுக்கால வெட்டிட்டு வடக்குல கார்ஷிங் ஃபோர்ஷுங்ஸென்ட்ரும் வரைக்கும் ஒரே ட்ரெயின். ஊருக்குள்ள கட்டுபடியாகலன்னா டாஹாவ், ஃப்ரைசிங் பக்கம் பாருங்க, எஸ்-பான்ல, அதான் புறநகர் ட்ரெயின்ல, வந்துடலாம்.

இறங்கற நாள்

சனிக்கிழமை சாயங்காலம் இறங்கற மாதிரி டிக்கெட் போடாதீங்க, விலை கம்மியா இருந்தாலும் வேண்டாம். பவேரியால கடை எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் திறக்கவே திறக்காது, ஹவுப்ட்பான்ஹோஃப், அதான் சென்ட்ரல் ஸ்டேஷன், அங்கயும் ஏர்போர்ட்லயும் இருக்கிற கடைகள், பெட்ரோல் பங்க், இதுங்கதான் திறந்திருக்கும். அரசு விடுமுறைன்னாலும் இதே கதைதான், மே, ஜூன்ல அந்த மாதிரி நாள் மூணு நாலு வரும், காலண்டர்ல இப்பவே குறிச்சு வச்சிடுங்க. செவ்வாய், புதன் காலைல இறங்கினா சாவி வாங்கி, அரிசி பருப்பு வாங்கி, சிம் வாங்கின்னு எல்லாம் அன்னைக்கே ஆயிடும்.

பெட்டில என்ன வைக்கலாங்கறதும் இப்பவே சொல்லிடறேன், ஏன்னா அம்மா ஆசையா நெய் பாட்டில் வைப்பாங்க. வெளிநாட்டுலேர்ந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள பால் பொருளும் மாமிசமும் கொண்டு போகக் கூடாது, அதுல நெய், பால்கோவா, சிக்கன் ஊறுகாய் எல்லாம் வரும். பச்சை கறிவேப்பிலையும் வேண்டாம், செடி கொடிக்கு சான்றிதழ் கேட்பாங்க. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளி, சாம்பார் தூள், அப்பளம் தாராளமா எடுத்துட்டுப் போங்க. அலுமினிய குக்கர் மட்டும் வேண்டாம், நிறைய வீட்ல இன்டக்‌ஷன் அடுப்பு, அதுல சூடேறாது. கரன்ட் நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட்தான், ரெண்டு முள்ளு உருண்டை ப்ளக் அப்படியே போகும், மூணு முள்ளுக்குத்தான் அடாப்டர் வேணும்.

ஏர்போர்ட்லேர்ந்து எஸ்1, எஸ்8 ரெண்டுல எது வந்தாலும் ஏறலாம், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறம் மூணு மாசத்துக்கும் டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துடுங்க, 2026 ஜனவரிலேர்ந்து மாசம் 63 யூரோ, நாடு முழுக்க யூ-பான், எஸ்-பான், ட்ராம், பஸ், ரீஜனல் ட்ரெயின் எல்லாத்துலயும் செல்லும், ஐசிஇ, ஐசி மாதிரி வேகமான ட்ரெயின்ல மட்டும் செல்லாது. இது சந்தா, தானா புதுப்பிச்சுக்கும், நிறுத்தணும்னா அந்த மாசம் பத்தாம் தேதிக்குள்ள சொல்லணும். தனி டிக்கெட் எடுத்தா அதை ஏறறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற சின்ன மெஷின்ல முத்திரை குத்தணும், குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்ல, செக்கிங்ல மாட்டினா 60 யூரோ, ஊருக்குப் புதுசுன்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

சாவியும் லெட்டர் பாக்ஸும்

யாரும் பெருசா சொல்ல மாட்டாங்க, ஆனா மியூனிக்ல இன்டர்னோட நிம்மதி இந்த ரெண்டுலதான் இருக்கு.

அங்க வீட்டுக் கதவுக்கு வெளிப்பக்கம் திருகற கைப்பிடி கிடையாது, ஒரு குமிழ் மாதிரி அசையாம நிக்கும். கதவு சாத்திச்சுன்னா அவ்வளவுதான், பூட்டாட்டியும் சாவி இல்லாம வெளிலேர்ந்து திறக்க முடியாது. குப்பை போடப் போறேன்னு செருப்பைப் போட்டுட்டு வெளில வந்து, பின்னாடி டப்னு சாத்தி, ஞாயித்துக்கிழமை ராத்திரி பூட்டு திறக்கறவரைக் கூப்பிட்டா நூத்துக்கணக்கான யூரோ கேட்பார். அதனால சாவி எப்பவும் பாக்கெட்ல, பாத்ரூம் வெளில இருந்தா அங்க போறப்ப கூட. தொலைச்சுட்டா இன்னும் மோசம், நிறைய கட்டடத்துல ஒரே சாவி வாசக் கதவு, வீடு, பேஸ்மென்ட் எல்லாத்தையும் திறக்கும், ஒண்ணு தொலைஞ்சா பூட்டு மொத்தத்தையும் மாத்தி உங்க தலைல கட்டுவாங்க. இதுக்கு லையபிலிட்டி இன்ஷூரன்ஸ் இருக்கு, சாவி தொலைஞ்சா காசு தருமான்னு கேட்டு வாங்குங்க, டிஏஏடி ஸ்காலர்ஷிப்ல போறவங்க அவங்க தர்ற இன்ஷூரன்ஸ்ல அது இருக்கான்னு பாருங்க.

லெட்டர் பாக்ஸ் அடுத்தது. பேங்க் கார்டு, பின் நம்பர், இன்ஷூரன்ஸ் பேப்பர், டேக்ஸ் நம்பர் எல்லாம் இன்னும் அங்க தபால்லதான் வரும். ஃப்ளாட் நம்பர்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாது, தபால்காரர் பாக்ஸ்ல இருக்கிற பேரைத்தான் பார்ப்பார், உங்க பேர் இல்லன்னா கடிதம் திரும்பிப் போயிடும். ரூமுக்குப் போன அன்னைக்கே ஒரு வெள்ளைத் தாள்ல பேரை எழுதி, செலோடேப் போட்டு பாக்ஸ்ல ஒட்டுங்க, காலிங் பெல் பக்கத்துலயும் ஒட்டுங்க. நம்ம பசங்களுக்கு இதுல தனிச் சிக்கல் ஒண்ணு உண்டு, இனிஷியலை சில இடத்துல விரிச்சு அப்பா பேராவும் சில இடத்துல வெறும் எழுத்தாவும் போட்டிருப்பாங்க, சில பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அதே எழுத்து அதே வரிசைல எல்லா ஃபார்மலயும் போடுங்க, லெட்டர் பாக்ஸ்ல அப்பா பேர், உங்க பேர் ரெண்டையும் ஒட்டிடுங்க, எந்தப் பேருக்கு வந்தாலும் வந்து விழும்.

அன்மெல்டுங், பணம், போன்

புது வீட்டுக்குப் போனா ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆஃபீஸ்ல, அதான் புர்கர்பியூரோ, அங்க பதியணும், அதுதான் அன்மெல்டுங். வெளிநாட்டுலேர்ந்து வந்து மூணு மாசத்துக்குள்ள திரும்பிடறவங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்ல, ஆனா ஜெர்மன் பேங்க்ல சம்பளம் வாங்கணும், டேக்ஸ் நம்பர் வேணும்னா பதிஞ்சுக்கறதுதான் சுலபம், எதுக்கும் உங்க கம்பெனிலயோ லேப்லயோ கேட்டுடுங்க. பாஸ்போர்ட்டோட வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேணும், நீங்க அங்க குடியிருக்கீங்கன்னு அவர் எழுதித் தர்றது, அதுக்கு வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்னு நீளமா ஒரு பேரு. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினா பத்தாது. ரூம் பேசறப்பவே இதைத் தருவீங்களான்னு கேளுங்க, மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட வேற எதோ கோளாறு இருக்கும். புர்கர்பியூரோ அப்பாயின்ட்மென்ட் ஆன்லைன்ல எடுக்கணும், இல்லன்னு காட்டினா கவலைப்படாதீங்க, விடிகாலைல ஒரு தடவை பாருங்க, கேன்சல் ஆனது வந்து நிக்கும். பதிஞ்ச கொஞ்ச நாள்ல டிவி ரேடியோ கட்டணம் மாசம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும், பயந்துடாதீங்க, அது ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு ஒண்ணு, கூட இருக்கிறவங்க ஏற்கனவே கட்டினா அவங்க நம்பரை எழுதிப் போட்டா முடிஞ்சுது. ஆனா பதில் போடாம விடாதீங்க.

கைல முதல் வாரத்துக்கு ஒரு 150, 200 யூரோ நோட்டா இருக்கட்டும். கார்டு இப்ப நிறைய இடத்துல எடுக்கறாங்கன்னாலும் சின்ன பேக்கரி, வாரச்சந்தை எல்லாம் இன்னும் காசுதான். ஏடிஎம்ல ரூபால கழிக்கட்டுமா யூரோலயான்னு கேட்டா யூரோன்னு அமுக்குங்க, ரூபான்னு அமுக்கினா அந்த மெஷின் வச்ச ரேட்டுல நல்லா உருவிடும். டூரிஸ்ட் நடமாடற இடத்துல நிக்கற தனியார் ஏடிஎம் பக்கமே போகாதீங்க, பேங்க் கட்டடத்துக்குள்ள இருக்கிறதுல எடுங்க.

ஊர் சிம்மை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீங்க. உங்க பேங்க்லேர்ந்து ஓடிபி அதுக்குத்தான் வரும், கிளம்பறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆன் பண்ணி எஸ்எம்எஸ் வருதான்னு உறுதி பண்ணிட்டுப் போங்க. அங்க ப்ரீபெய்ட் சிம் ஆல்டி, லிட்ல் கடையிலயே கிடைக்கும், பாஸ்போர்ட்டை வீடியோ கால்ல காட்டி ஆக்டிவேட் பண்ணணும், அதுக்கு ஒரு ஜெர்மன் விலாசம் கேட்பாங்க.

சாப்பாடு

தயிர் சாதத்துக்குக் குறை இருக்காது, 3.5 சதவீதம்னு போட்ட நாட்டூர்யோகுர்ட் நம்ம தயிர் மாதிரியே இருக்கும். பாசுமதி எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் இருக்கு, பொன்னி அரிசி, முருங்கைக்காய், தேங்காய் துருவல் எல்லாம் வேணும்னா சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தெற்கால லாண்ட்வேர்ஸ்ட்ராஸ, கோதேஸ்ட்ராஸ பக்கம் நடங்க, வெளிநாட்டு மளிகைக் கடைகள் வரிசையா இருக்கும். ஜெர்மனில ஈழத்தமிழர்கள் நாப்பது வருஷமா வேர் விட்டிருக்காங்க, ஹம் ஊர்ல 2002ல குடமுழுக்கு ஆன காமாட்சி அம்மன் கோயில் அவங்க எழுப்பினதுதான், கோடைல தேர்த் திருவிழா நடக்கும், மியூனிக்லேர்ந்து தூரம்னாலும் ஒரு வார இறுதி ஒதுக்கிப் போயிட்டு வாங்க.

ஹாஸ்டல் கிச்சன்ல கடுகு, காஞ்ச மிளகாய் தாளிக்கறப்ப ஜன்னலை அகலமா திறந்து, கதவை மூடிட்டு தாளிங்க. புகை வெளில காரிடாருக்குப் போய் அலாரம் அடிச்சா ஃபயர் சர்வீஸ் நிஜமாவே வண்டியோட வந்து நிக்கும், பில் உங்க பேருக்கு வரலாம். குழாய்த் தண்ணியை அப்படியே குடிங்க, மங்ஃபால் பள்ளத்தாக்குலேர்ந்து வர்ற நல்ல தண்ணி, பாட்டில் வாங்கறது வீண் செலவு. வாங்கினாலும் காலி பாட்டிலை எறியாதீங்க, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் பிடிச்சு வச்சிருப்பாங்க, கடை வாசல்ல இருக்கிற மெஷின்ல போட்டா சீட்டு வரும், பில்லுல கழிச்சுக்கலாம்.

உடம்பு விஷயம் ஒண்ணு. பாரசெட்டமால் கூட சூப்பர்மார்க்கெட்ல கிடைக்காது, சிவப்பு 'A' எழுத்து போட்ட அப்போதேக்கெல, அதான் மருந்துக் கடைல, மட்டும்தான். ஆன்டிபயாட்டிக் டாக்டர் சீட்டு இல்லாம தர மாட்டாங்க. ராத்திரி, வார இறுதில டாக்டர் வேணும்னா 116117, உயிர் போற அவசரம்னா 112.

லேப்ல, ஆஃபீஸ்ல

நம்ம பசங்க வேலைல கெட்டி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா பேச மாட்டாங்க. தலையாட்டிட்டு வந்து, புரியாததை ரூம்ல உட்கார்ந்து தனியா ரெண்டு நாள் முட்டி மோதுவாங்க. அங்க அதை அடக்கம்னு எடுத்துக்க மாட்டாங்க, எங்க மாட்டிட்டோம்னு சொல்லாம எங்க நேரத்தையும் வீணாக்கறான்னுதான் நினைப்பாங்க. முதல் வாரத்துலயே உங்களைப் பார்த்துக்கற பிஎச்டி ஸ்டூடன்ட்கிட்ட, வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் உட்காரலாமான்னு கேட்டு காலண்டர்ல போட்டுடுங்க. போறப்ப ஒரே ஒரு பக்கம், என்ன பண்ணேன், எங்க நிக்குது, என்ன வேணும். மூணு மாசத்துல உங்க வேலை நல்லா வர்றதுக்கு இந்த அரை மணி நேரத்தைவிட பெருசா எதுவும் இல்லைன்னு நான் நம்பறேன். அவர் 'இது சரியில்ல'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு விட்டுடாதீங்க, கோபம் இல்ல, வேலையைத்தான் சொல்றார், அடுத்த நிமிஷமே காபிக்குக் கூப்பிடுவார்.

பதினொன்றரை, பன்னெண்டுக்கே எல்லாரும் ஒண்ணா மென்சாவுக்கு, அதான் யூனிவர்சிட்டி கேன்டீனுக்கு, சாப்பிடக் கிளம்புவாங்க. டப்பா கொண்டு வந்திருந்தாலும் கூடவே போங்க, உங்க டப்பாவை அங்க திறந்து சாப்பிடலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஜோக்கு, கான்ஃபரன்ஸ் கதை, யார் மாஸ்டர்ஸுக்கு ஆள் தேடறாங்கங்கற தகவல் எல்லாம் அந்த மேஜைலதான் நடக்கும். பிறந்தநாள் வந்தா மத்தவங்க கேக் வாங்க மாட்டாங்க, உங்களுக்குப் பிறந்தநாள்னா நீங்கதான் கொண்டு போகணும், கேசரி கிண்டிட்டுப் போங்க, சட்டி காலியாகும். உடம்பு சரியில்லன்னா காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுடணும். ஆகஸ்ட்ல பாதிப் பேர் லீவுல போயிடுவாங்க, உங்க கைடு எப்ப போறார்னு ஜூன்லயே கேட்டு வச்சுக்கோங்க.

சனிக்கிழமை ரூம்லயே கிடக்காதீங்க. அதே டாய்ச்லாண்ட் டிக்கெட்ல ரீஜனல் ட்ரெயின் பிடிச்சு கார்மிஷ், ஃபுஸ்ஸன், ரேகன்ஸ்புர்க் போகலாம், எல்லை தாண்டி ஆஸ்திரியாவோட சால்ஸ்புர்க் ஸ்டேஷன் வரைக்கும் செல்லும், பாஸ்போர்ட்டை மட்டும் மறக்காதீங்க. மே மாசக் காலைல பத்து டிகிரிக்குக் கீழ போகும், ஜூலைல முப்பதைத் தாண்டி வெயில் அடிச்சு சாயங்காலம் திடீர்னு இடி மழை கொட்டும், மழை ஜாக்கெட் பையிலயே இருக்கட்டும். இசார் ஆத்துல எல்லாரும் குதிக்கறாங்கன்னு நீங்களும் குதிக்காதீங்க, பார்க்க அமைதியா இருந்தாலும் இழுப்பு ஜாஸ்தி.

கிளம்பறப்ப

சர்டிஃபிகேட்டை கடைசி நாள் கேட்காதீங்க, மூணு வாரம் முன்னாடியே கேளுங்க, என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு நீங்களே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தா அவங்களுக்கும் சுலபம். ரூமுக்குள்ள போன அன்னைக்கு சுவர், ஜன்னல், பாத்ரூம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில்ல அனுப்பி வச்சிருந்தா, காஷன் திரும்ப வாங்கறப்ப வாக்குவாதமே வராது. அந்தப் பணம் உடனே வராது, சில பேர் மாசக் கணக்குல வச்சிருப்பாங்க, இந்திய அக்கவுன்ட்டுக்கு அனுப்பறது அவங்களுக்குத் தலைவலி, அதனால ஜெர்மன் அக்கவுன்ட் திறந்திருந்தா காஷன் வந்து சேர்ற வரைக்கும் மூடாதீங்க. ஊர்ல பதிஞ்சிருந்தா அப்மெல்டுங்கும், அதாவது அந்தப் பதிவை நீக்கறதும், பண்ணணும், வீடு காலி பண்ற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து பண்ணலாம்.

ஏர்போர்ட் போறப்ப எஸ்1 பிடிச்சா முன்னாடி பின்னாடி எந்தப் பெட்டின்னு பார்த்து ஏறுங்க, நாய்ஃபார்ன் ஸ்டேஷன்ல அந்த ட்ரெயின் ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பாதி ஏர்போர்ட்டுக்கும் இன்னொரு பாதி ஃப்ரைசிங்குக்கும் போகும், பெட்டிமேல ஃப்ளுக்ஹாஃபன்னு போட்டிருக்கிறதுலதான் ஏறணும். பெரிய பெட்டி ரெண்டு இருந்தா பேசாம எஸ்8ல போங்க, அது பிரியாம நேரா போயிடும்.